வாடைக்காற்றை நம்பிக் கட்டிய உருவங்கள்

தைப்பொங்கலன்று பிற்பகல் யாழ்ப்பாணத்தின் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போனால், நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிவரும் சிற்பங்களைக் காணலாம். கப்பல், விலங்கு, பறவை என எல்லாமே பட்டங்கள். அன்றைய பட்டப் போட்டி முடிந்தால் அவற்றின் ஆயுளும் ஏறக்குறைய முடிந்துவிடும்.

இந்த ஊருக்குக் காற்றோடு பழைய கணக்கு உண்டு. இங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

யாழ்ப்பாணத்துப் பட்டத்தின் அடிப்படை எளிது: மூங்கிலைச் சீவிக் கட்டிய சட்டம், மேலே ஒட்டிய மெல்லிய தாள், காற்றுக்கு ஏற்ற சாய்வைத் தரும் முச்சைக் கயிறு. கொக்கு, பிராந்து, எட்டுமூலை என வகைகள் பல. உச்சியில் வில்லாக வளைத்துப் பூட்டும் ‘விண்’தான் அதன் குரல். வில்லில் இழுத்துக் கட்டிய பனைநார் காற்றில் அதிர்ந்து கூவும். இப்போது பல விண்களில் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடா அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. சத்தம் கூடியிருக்கிறது, இனிமை கூடியதா என்பது கேட்பவர் காதைப் பொறுத்தது.

நைலோன் கயிறு வந்ததும் உருவங்கள் பெருத்தன, ஆபத்தும் பெருத்தது. 2021 டிசம்பரில் யாழ்ப்பாணத்தின் வடமராட்சிப் பகுதியில் பெரிய பட்டமொன்றை ஏற்றியபோது மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த இளைஞர் அந்தரத்துக்குப் போனார். கீழே விழுந்தும் உயிர் பிழைத்தார். அந்தக் காணொளி உலகம் சுற்றியது.

இரவில் ஏற்றும் பட்டங்களில் இன்று பற்றரியும் எல்ஈடி விளக்குகளும் ஏறுகின்றன.