ஏ. கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம்

ஏ. கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் என்பது இந்திய உச்ச நீதிமன்றம் 1950 மே 19 அன்று தீர்ப்பளித்த அடிப்படை உரிமை வழக்கு ஆகும். கோபாலன் பொதுவுடைமைக் கட்சித் தலைவர். அவரது மலபார் அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. அவ்வாண்டின் தடுப்புக் காவல் சட்டப்படி விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டதை எதிர்த்து அவர் வழக்குத் தொடர்ந்தார்.

வழக்கின் வேர் ஐக்கிய அமெரிக்காவில் உள்ளது. உரிய சட்ட நெறிமுறையின்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கலாகாது என்பது 1791இல் ஏற்கப்பட்ட அதன் ஐந்தாம் திருத்தம். மக்கள் தேர்ந்தெடுத்த அவையும் வரம்பு மீறக்கூடும் என்ற அச்சமே அக்காலத்து உரிமைச் சட்டங்களுக்குக் காரணம். இந்திய வரைவிலும் முதலில் இத்தொடர் இருந்தது. அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பெனகல் நரசிங்க ராவ், 1947இல் அமெரிக்கா சென்று உச்ச நீதிமன்ற நீதிபதி பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். நீதிபதிகளுக்கு இத்துணை அதிகாரம் கூடாது என்றார் அவர். தன் நாட்டு விதியையே அவர் பரிந்துரைக்காதது வியப்புக்குரியது. பின்னர் வரைவுக்குழு அத்தொடரை நீக்கி, சட்டம் வகுத்த நடைமுறை எனப் பொருள்படும் தொடரைச் சேர்த்தது. சென்னையைச் சேர்ந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இதனை ஆதரித்தார்.

இச்சொல் மாற்றமே கோபாலனுக்குப் பாதகமாயிற்று. முறைப்படி இயற்றப்பட்ட சட்டம் நியாயமானதா என ஆராய இடமில்லை எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர்; ஃபசல் அலி மாறுபட்டார். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடத் தடைவிதித்த 14ஆம் பிரிவு மட்டும் செல்லாததாயிற்று. நடைமுறை நியாயமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1978இல், மேனகா காந்தி வழக்கில்.