கை ஃபாக்ஸ் இரவு

கை ஃபாக்ஸ் இரவு என்பது பிரித்தானியாவில் ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று, பெருந்தீ வளர்த்தும் வாணவேடிக்கை நிகழ்த்தியும் கொண்டாடப்படும் விழாவாகும். 1605 இல் முறியடிக்கப்பட்ட வெடிமருந்துச் சதியே இதன் தொடக்கம்.

சதி

முதலாம் எலிசபெத் காலத்தில், இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டுக்குச் செல்லாத கத்தோலிக்கர்கள் தண்டம் கட்ட வேண்டியிருந்தது. 1603 இல் அரியணை ஏறிய முதலாம் ஜேம்சு நிலைமையை மாற்றுவார் என்ற நம்பிக்கை பொய்த்தது. இதனால் இராபர்ட் கேட்சுபி தலைமையில் 13 பேர், நாடாளுமன்றத் தொடக்க நாளன்று மன்னரையும் பிரபுக்களையும் ஒருசேர வெடிவைத்துக் கொல்லத் திட்டமிட்டனர். மான்டீகிள் பிரபுவுக்கு வந்த பெயரில்லாக் கடிதம் சதியைக் காட்டிக்கொடுத்தது. பிரபுக்கள் அவையின் கீழறையில் 36 பீப்பாய் வெடிமருந்துக்குக் காவலிருந்த கை ஃபாக்ஸ் பிடிபட்டார். கேட்சுபி மூன்று நாள்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபாக்ஸ் 1606 சனவரி 31 அன்று மரண தண்டனைக்கு உள்ளானார்.

விழாவாதல்

மன்னர் தப்பியதைக் கொண்டாட, சதி வெளிப்பட்ட அன்றே இலண்டன் மக்கள் தெருக்களில் தீ மூட்டினர். 1606 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் நவம்பர் 5 ஐ நன்றி வழிபாட்டு நாளாக்கியது. அதே ஆண்டின் மற்றொரு சட்டம் கத்தோலிக்கர்கள் வழக்கறிஞராகவும் மருத்துவராகவும் தொழில் புரியத் தடை விதித்தது. 13 பேரின் குற்றத்துக்கு ஒரு சமூகமே விலை கொடுத்தது.

1670களில் நெருப்பில் எரிந்தது ஃபாக்ஸ் அல்ல, திருத்தந்தையின் கொடும்பாவி. 1829 இல் கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றனர். ஆயினும் 1850 இல் உரோம் இங்கிலாந்தில் மீண்டும் ஆயர்களை அமர்த்தியபோது பழைய பகை மூண்டு, கர்தினால் வைசுமனின் கொடும்பாவியும் எரிக்கப்பட்டது. நன்றி வழிபாட்டுச் சட்டம் 1859 இல் நீக்கப்பட்டது. விழா நீங்கவில்லை, ஃபாக்சின் பொம்மையைத் தெருவில் வைத்துக் காசு கேட்கும் சிறுவர்களின் கொண்டாட்டமாக அது வளர்ந்தது.

இன்று

பல ஊர்களில் இது வாணவேடிக்கை இரவு மட்டுமே. சசெக்சிலுள்ள லூயிசு நகரில் பழைய சமய நினைவு தொடர்கிறது. 1555 முதல் 1557 வரை அங்கே எரிக்கப்பட்ட 17 புராட்டஸ்தாந்தியர் நினைவாகத் தீப்பந்த ஊர்வலம் நடைபெறுகிறது. அரசியல்வாதிகளின் உருவங்களும் எரிக்கப்படுகின்றன. நான்கு நூற்றாண்டுகளாகத் தீ மாறவில்லை. அதில் எரிக்கப்படுபவரே மாறி வந்துள்ளார். துரோகியாக எரிக்கப்பட்ட ஃபாக்சின் முகமோ, ‘வி ஃபார் வென்டெட்டா’ சித்திரக்கதை வழியாக, இன்று அதிகாரத்தை எதிர்ப்போரின் முகமூடியாகியுள்ளது.