கல்லெழுத்தும் காமிராவும்

பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் விடுமுறைக்கு ஊர் சென்று மீளுங்கால், கைப்பேசி நிறையப் படங்களைக் கொண்டு வருகின்றனர். கோபுரம், தெப்பக்குளம், பாட்டி அமர்ந்த திண்ணை, யாவும் அவற்றுள் உண்டு. ஆயினும் டில்லிக் குளிரில் அவற்றைப் புரட்டிப் பார்க்கும்பொழுது மனம் நிறைவதில்லை. கோபுரம் ஒருபுறம் சாய்ந்திருக்கும். பாட்டியின் முகம் இருண்டு கிடக்கும். படமெடுக்கப் புதிதாகப் பழகுவோர்க்கு அறிவுரை கூறும் நூல்கள் பல உள. இன்று அவற்றை விடுத்து, நம் நாட்டு வெயிலிலேயே தடுமாறிப் பழகிய ஒருவரின் வரலாற்றைக் காண்போம்.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். 1822-இல் இங்கிலாந்தில் பிறந்து, 1839-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தவர். 1850-களின் தொடக்கத்தில் விடுப்பில் தாய்நாடு சென்றிருந்த காலத்தில் புகைப்படக் கலையைப் பயின்றார். அந்நாளில் அது ஓய்வு நேரத்தார் விளையாட்டாகவே கருதப்பட்டது. பெங்களூருக்குத் திரும்பியதும், 1854-ஆம் ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேளூர்க் கோயில்களைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டு சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அப்படங்கள் பாராட்டைப் பெற்றன. 1855-இலேயே பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் அரசாங்கம் அவரை அனுப்பியது. 1856-இல் அவர் சென்னை மாகாணத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப் பெற்றார்.

இவ்வளவு விரைவில் உயர்ந்தவர் இயற்கையிலேயே கைதேர்ந்தவர் போலும் என்று எண்ணிவிடுதல் ஆகாது. அவர் பெரிதும் கையாண்டது மெழுகு தோய்த்த காகிதம். அதனை வெள்ளி உப்பில் நனைத்து, உலர்த்தி, பெட்டியில் வைத்து, வெயிலில் நிமிடக்கணக்கில் திறந்து வைத்தல் வேண்டும். இடையே நடந்து செல்பவர் படத்தில் பதியவே மாட்டார். இங்கிலாந்தின் மங்கிய ஒளிக்கும் குளிருக்கும் வகுத்த அளவுகள் இங்குச் செல்லா. வெப்பம் மருந்துகளைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு தாளிலும் என்ன பிழைத்தது என்று கண்டு, அடுத்த தாளில் திருத்துவதன்றி வேறு வழியில்லை. நாள்தோறும் கோப்புகளை ஒரு மொழியினின்று மற்றொன்றுக்குப் பெயர்த்தெழுதும் நமக்கு, இத்தொல்லை நன்கு தெரிந்த தொல்லையே.

அக்காகிதம் நீலநிறத்துக்கு மிகையாக இணங்குவதாகலின், வானம் படத்தில் வெறும் வெண்மையாகவே விழும். டிரைப் தம் எதிர்ப்படத்தின்மீது தூரிகையால் வண்ணம் தீற்றி மேகங்களை உண்டாக்கினார். இல்லாத மேகத்தைப் படைப்பதில் நமக்கு முழு உடன்பாடு இல்லை. இன்று கைப்பேசி தானே வானத்தை நீலமாக்கிக் கொடுப்பதைப் பார்க்கையில், அவரை மட்டும் குறைகூறுவதும் முறையன்று.

1857 டிசம்பரில் அவர் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களைக் கண்டு படமெடுத்தார். திருமலை நாயக்கர் மாளிகையும் புது மண்டபமும் அன்றிருந்த நிலையில் இன்று நமக்குக் காணக் கிடைப்பது அவரால்தான். ஆனால் அவருடைய பொறுமை முழுதும் வெளிப்பட்டது தஞ்சையில். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி, இராசராச சோழன் அளித்த கொடைகள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஒரே படத்தில் அடங்காத நீளம் அது. டிரைப் காமிராவை இடம் விட்டு இடம் பெயர்த்துப் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். 21 படங்களை ஒட்டியபொழுது ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாயிற்று. இத்தகைய பணியில் ஓரிடத்தில் தொலைவோ ஒளியோ மாறினாலும் அடுத்த படம் பொருந்தாது. ஹூல்ட்ஸ் தஞ்சைக் கல்வெட்டுகளை நூலாகப் பதிப்பிக்கத் தொடங்கியது 1891-இல். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது இச்சுருள்.

1859-இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன், மாகாணப் புகைப்படப் பணி மிகுந்த ஆடம்பரமென்று கருதி அதனை நிறுத்தினார். 1860-இல் எல்லாம் முடிந்தது. மாகாணத்தின் நிதிநிலையைச் சீர்செய்ய வந்தவருக்கு அது நியாயமாகப் பட்டிருக்கலாம். எத்தனை கோயில்களின் கல்லெழுத்துகள், சிதையுமுன் படமாகாமல் போயின என்பதை அவர் எண்ணியிருக்க மாட்டார். டிரைப் பின்னர் 1902 வரை வாழ்ந்தார். ஆயினும் இத்தகைய பெரும்பணி அவர் கையில் மீண்டும் வரவில்லை.

சென்ற மார்கழியில் தஞ்சைக்குச் சென்றிருந்தோம். நண்பகலில் விமானத்தின் தென்புறம் நின்று, அக்கல்லெழுத்துகளைக் கைப்பேசியில் நாற்பது படங்களுக்குக் குறையாமல் எடுத்தோம். விடுதிக்கு வந்து பார்த்தால் ஓரெழுத்தும் தெளிவாக இல்லை. வெயில் சுவரின்மேல் நேராக விழுந்து பள்ளங்களையெல்லாம் நிரப்பிவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கே சென்றோம். கிழக்கிலிருந்து வந்த ஒளி சுவரைத் தடவிக்கொண்டு சாய்வாகப் பாய, ஒவ்வொரு வெட்டிலும் மெல்லிய நிழல் தங்கியிருந்தது. ஐந்தாறு படங்களே எடுத்தோம்; எழுத்துகள் வரிவரியாக எழுந்து நின்றன. உடன் வந்த மாமனார் கைப்பேசியை வாங்கிக் கண்ணருகே வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“நேற்றும் இதே சுவரைத்தானே எடுத்தீர்கள், மாப்பிள்ளை?” என்றார்.