மன்னித்தார்கள், மறந்தும் போனார்கள்

இங்கிலாந்தில் குடும்ப டாக்டராக இருந்தவர் ஹரால்ட் ஷிப்மன். பெத்தடின் ஊசிக்கு அடிமையாகி, பொய்ச் சீட்டு எழுதி மருந்து வாங்கியதற்காக 1976இல் தண்டிக்கப்பட்டார். அபராதம் 600 பவுண்டு. பொது மருத்துவக் கவுன்சில் அவர் பெயரை நீக்காமல் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டது. 1977இல் மான்செஸ்டர் அருகே ஹைட் என்ற ஊரில் மறுபடி வைத்தியம் பார்க்க வந்துவிட்டார்.

1998 மார்ச்சில் பக்கத்து டாக்டர் ஒருவர், இவருடைய நோயாளிகள் இத்தனை பேர் சாகிறார்களே என்று மரண விசாரணை அதிகாரியிடம் முறையிட்டார். போலீசார் விசாரித்தார்கள். ஆனால் பழைய தண்டனை ஏதும் உண்டா என்று பார்க்கவே இல்லை, கவுன்சிலையும் கேட்கவில்லை. ஏப்ரலில் ஃபைலை மூடினார்கள். செப்டம்பரில் அவர் கைதாவதற்குள் இன்னும் மூன்று பெண்கள் உயிரிழந்தனர்.

2000இல் 15 கொலைகளுக்கு ஆயுள் தண்டனை. நீதிபதி ஜேனட் ஸ்மித் விசாரணையின் 2002ஆம் வருட அறிக்கை சொன்ன கணக்கோ 215 பேர்!

பிறகுதான் விதிகள் இறுகின. அரசு மருத்துவச் சேவைப் பட்டியலில் சேரும் குடும்ப டாக்டர் தன் தண்டனைகளை எழுதித் தர வேண்டும் என்று 2004ஆம் ஆண்டு விதிகள் கூறின. 2012 டிசம்பரில், 5 வருடத்துக்கு ஒருமுறை தகுதியை மறுபடி உறுதி செய்யும் முறையும் வந்தது.

மெக்கானிக்கல் படித்த எனக்கு இது புரிகிறது. விரிசல் விட்ட பாய்லரை வெல்டிங் செய்து ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் அது ஹிஸ்டரி கார்டில் ஏற வேண்டும். அடுத்து வருபவர் அதைப் புரட்டிப் பார்க்கவும் வேண்டும். ஷிப்மனுக்கு இன்னொரு வாய்ப்பு தந்ததை நான் குறை சொல்லவில்லை. எழுதி வைத்ததை யாரும் திறக்கவில்லையே, அதுதான் குற்றம்.

தம்பி, தங்கைகளே! நாளைக்குக் கையெழுத்துப் போடும் நாற்காலியில் நீங்கள் உட்காரும்போது, பழைய பக்கங்களையும் ஒரு தரம் புரட்டுங்கள்.