ரத்தத்தில் குறைந்தாலும் எலும்பில் தங்கும் ஈயம்... உடலுக்குள் என்ன நடக்கிறது?

இரும்பு, துத்தநாகம், தாமிரம் போன்ற உலோகங்கள் சிறிதளவு நம் உடலுக்குத் தேவை. ஆனால் ஈயத்துக்கு, அதாவது காரீயத்துக்கு, உடலில் எந்த வேலையும் கிடையாது. உள்ளே வந்துவிட்டால் லேசில் வெளியே போகாது.

எங்கே போய்த் தங்குகிறது?

மூச்சு, உணவு, தண்ணீர் வழியாக வரும் ஈயம் முதலில் ரத்தத்தில் கலக்கும். அங்கே அதன் அளவு பாதியாகக் குறைய சுமார் ஒரு மாதம் ஆகும். ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். மீதியில் பெரும்பகுதி எலும்புக்கும் பல்லுக்கும் போய்விடும். காரணம், ஈயம் கால்சியம் போலவே நடந்துகொண்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பெரியவர்களின் உடலில் இருக்கும் ஈயத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் எலும்பில்தான் இருக்கிறது. அதில் பாதி வெளியேறவே பல ஆண்டுகள் ஆகும்.

அப்போ ரத்தப் பரிசோதனை போதாதா?

மருத்துவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆனால் அது பெரும்பாலும் சமீபத்திய பாதிப்பையே காட்டும். பழைய கணக்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மேன், குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சோதித்து 1979-ல் ஆய்வு வெளியிட்டார். பல்லில் ஈயம் அதிகம் இருந்த குழந்தைகள், வெளியே எந்த நோயும் தெரியாதபோதும், அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கியிருந்தார்கள்.

பழைய ஈயம் திரும்பி வருமா?

வரும். கர்ப்பம், தாய்ப்பால் கொடுக்கும் காலம், மாதவிடாய் நின்ற பிறகு என எலும்பு கரையும் நேரங்களில் ஈயமும் ரத்தத்துக்குத் திரும்பும். அம்மாவின் சிறுவயதில் சேர்ந்த ஈயம்கூட, வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் போகலாம்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து?

பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது.

ஈயச் சொம்பு ரசம் சாப்பிடலாமா?

பாரம்பரிய ஈயச் சொம்பு செய்யப்படுவது வெள்ளீயத்தில். அது வேறு உலோகம். ஆனால் காரீயம் கலந்த போலிச் சொம்பு என்றால் ஆபத்து. புளிப்பு பட்டால் ஈயம் கரைந்து ரசத்தில் இறங்கும்.

என்ன செய்யலாம்?

* பழைய பேட்டரி உடைக்கும் வேலை, பெயின்ட் சுரண்டும் வேலை செய்பவர்கள் குளித்து, உடை மாற்றிவிட்டு குழந்தையைத் தூக்குங்கள்.
* நிறத்துக்காக ஈய குரோமேட் கலந்த மஞ்சள் தூள் பிடிபட்டிருக்கிறது. பளிச்சென்ற உதிரித் தூளைத் தவிர்த்து, மஞ்சள் கிழங்கு வாங்கி அரைக்கலாம்.
* இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்தால் உடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும். கீரை, கேழ்வரகு, பால் நல்லது.
* சந்தேகம் இருந்தால் குழந்தைக்கு ரத்தத்தில் ஈய அளவு பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.