தாய்வழியும் தந்தைவழியும்

ஞானஸ்நானப் பதிவேட்டில் தாய், தந்தை இருவர் பெயரையும் எழுதுகிறோம். ஆயினும் ஒரு வீட்டில் மார்பகப் புற்றுநோய் கண்டால், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எழும் பேச்சு ஒன்றே: "அவள் தாய்வழி அப்படி." அந்தப் பேச்சினால் பெண்கள் கட்டியை மறைக்கிறார்கள், பெற்றோர் மகளின் திருமணத்துக்காக நோயையே மறைக்கிறார்கள்.

குடும்பவழி நோய் என்ற ஐயம் பழையது. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா தம் மனைவியின் குடும்பத்தில் தலைமுறைதோறும் இந்நோய் தொடர்ந்ததை 1866-இல் எழுதிவைத்தார். 1990-இல் மேரி கிளேர் கிங் அம்மையார் அதன் காரணம் 17-ஆம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். 1994-இல் பி.ஆர்.சி.ஏ.1, அடுத்த ஆண்டில் பி.ஆர்.சி.ஏ.2 என்னும் மரபணுக்கள் அறியப்பட்டன. உயிரணுவில் நேரும் சிதைவைச் சீர்செய்வது இவற்றின் பணி. பிழையுள்ள மரபணு தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. எண்ணூர்ப் புகையைப் பற்றிய கவலை நியாயமானது. ஆனால் இப்பிழை கருவுறும்போதே வருவது.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அங்கிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, யூதரிடையே பெயர்பெற்ற ஒரு மரபணுப் பிழை தென்னிந்தியப் பெண்களிடமும் மிகுதியாகக் காணப்படுவதைத் தெரிவித்தது. ஓர் இந்தியக் குடும்பத்தில் அப்பிழை தனியே தோன்றியது என்று 2007-இல் மற்றோர் ஆய்வு முடிவு செய்தது. எக்குலமும் இதற்கு விலக்கன்று. எக்குலத்துக்கும் இது இழுக்குமன்று.

மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே இவ்வாறு மரபுவழி வருபவை. பிழையுள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது. இது அஞ்சத்தக்க எண்ணே. எனினும் நோய் வந்தபின் கதை வேறு. 40 வயதுக்குள் நோயுற்ற 2,733 பெண்களைப் பிரிட்டனில் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. மரபணுப் பிழை உள்ளோரும் இல்லாதோரும் உயிர்பிழைத்த அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது கண்டது. இப்பிழை உள்ளோருள் நோய் மீளும் வாய்ப்பு மிகுந்தவர்க்கு ஓலாபாரிப் என்னும் மாத்திரை அவ்வாய்ப்பைக் குறைக்கிறது என்பதும் 2021-இல் தெளிவாயிற்று.

ஆகவே மரபு என்பது தீர்ப்பு அன்று, முன்னறிவிப்பு. பிறவிக் குருடனைக் கண்டு, பாவம் செய்தவர் யார் என்று சீடர்கள் வினவியபோது, ஆண்டவர் அவன்மேலும் அவன் பெற்றோர்மேலும் பழி சுமத்தவில்லை. நாமும் சுமத்த வேண்டா. அத்தைக்கு வந்ததையும் சித்திக்கு வந்ததையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வோம். அந்த ஒரு சொல் நம் மகள்களின் உயிரைக் காக்கக்கூடும்.