குக்குரி

நேபாள மலைக்கிராமங்களில் விறகு பிளக்கவும், தழை கழிக்கவும், ஆட்டிறைச்சி துண்டுபோடவும், சண்டை என்று வந்தால் வீசவும் வைத்திருக்கும் வளைந்த கத்தி. பெரும்பாலும் 40 முதல் 45 செ.மீ. நீளம். கூர் உள்வளைவில் இருக்கும். வளைவைத் தாண்டியதும் அலகு அகலமாவதால் எடை நுனிப்பக்கம் சேர்கிறது. ஓங்கினால் போதும், கத்தி தானே இறங்கும்.

கிரேக்கரின் ‘கோபிஸ்’ வாள் அலெக்சாந்தர் படையோடு வந்து இப்படி ஆனது என்பார்கள். உருவ ஒற்றுமைக்கு மேல் அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. கோர்க்கா அரசர் பிருத்வி நாராயண் ஷா 1768இல் காத்மாண்டுவைப் பிடித்த காலத்தில் குக்குரி அவர் படையினரின் இடுப்பில் இருந்தது. பிரிட்டிஷ் அதிகாரி கிர்க்பாட்ரிக் 1811இல் வெளியிட்ட நேபாள நூலில் அதன் படம் உண்டு.

உலகப் புகழுக்கு வழிசெய்தது 1814-16 ஆங்கிலேய-நேபாளப் போர். டேராடூனை அடுத்த நாலாபானிக் கோட்டையை பலபத்ர குன்வர் சில நூறு பேருடன் ஏறத்தாழ ஒரு மாதம் காத்தார். முற்றுகையிட்ட தளபதி கில்லெஸ்பி அங்கேயே மாண்டார். அவரைக் கொன்றது துப்பாக்கிக் குண்டு. ஆங்கிலேயர் கதைகதையாகச் சொன்னதோ இந்தக் கத்தியைப் பற்றி. 1815 முதல் கூர்க்காக்கள் எனப்பட்ட இந்த நேபாள வீரர்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படையிலேயே சேர்த்துக்கொண்டது. 1897இல் வெளிவந்த ‘டிராகுலா’ நாவலில் டிராகுலாவின் கழுத்தை அறுப்பதும் ஒரு குக்குரிதான். உருவினால் ரத்தம் பார்க்காமல் உறையில் போடக்கூடாது என்பது வெறும் கட்டுக்கதை. அடுப்படியில் தினமும் எடுக்கும் கத்திக்கு அது எப்படிப் பொருந்தும்?

அடிப்பவர்கள் காமி எனப்படும் கொல்லர்கள். இப்போது பெரும்பாலும் பழைய லாரி வில்பட்டைதான் மூலப்பொருள். பழுக்கக் காய்ச்சிய அலகின் வாய்ப்பகுதியில் மட்டும் கெண்டியிலிருந்து தண்ணீரை ஓடவிடுவார்கள். வாய் கடினமாகும், முதுகு இளகலாகவே நிற்கும். அதனால் எலும்பில் பட்டாலும் சட்டென ஒடியாது. பிடி, மரம் அல்லது எருமைக்கொம்பு. தோலுறையில் இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும்: சில்லறை வேலைக்குக் கர்தா, தீட்டவும் தீப்பொறி தட்டவும் மழுங்கலான சக்மக். பிடியருகே அலகில் உள்ள வெட்டைப் பசுவின் குளம்பு என்பர், சிவனின் திரிசூலம் என்பர், வழியும் ரத்தத்தைத் தடுக்க என்றும் சொல்வர். தசைன் பண்டிகைப் பலிக்கும் குக்குரிதான்.

1947இல் பத்து கூர்க்கா ரெஜிமென்ட்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் போயின. இரு நாட்டுக் கூர்க்காப் படைச் சின்னங்களிலும் குறுக்கிட்ட குக்குரிகள் தொடர்கின்றன. நேபாளத்திலோ 2006இல் மாற்றிய அரசுச் சின்னத்தில் அவை இடம்பெறவில்லை. கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர், தரான் பட்டறைகளில் வீட்டுக்கும் படைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் தனித்தனி ரகம் அடிக்கிறார்கள். கடைசி ரகத்தில் பளபளப்பு அதிகம், விறகுக்கு உதவாது.